90-ல் மட்டும் நடுங்கிய மாமாவின் ஸ்போர்ட்ஸ் கார்!

கோவையில் இருக்கும் என் தாய்மாமாவின் காருக்கு ஒரு வினோதமான வியாதி இருந்தது. 70 கிலோமீட்டர் வேகம் வரை நல்ல பிள்ளை. 85-ஐத் தொட்டால் லேசாக உதறும். 90-ல் கண்ணாடியில் தெரியும் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரியும். 110-ஐத் தாண்டினால் ஒன்றுமே நடக்காததுபோல அடங்கிவிடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினால், பட்டறை வாசலில் ஒட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானுங்களே இருக்குது" என்பார்கள். பட்டறை வாசலில் 90-ல் ஓட்ட முடியாதே!

அது ஒரு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். பொத்தானை அழுத்தினால் கூரை மடங்கி டிக்கிக்குள் போய்விடும். இன்ஜின் முன்னால், வண்டியைத் தள்ளுவது பின் சக்கரங்கள். ஜெர்மனி தயாரிப்பு, செகண்ட் ஹேண்ட், வயது 12. கம்பெனி பெயர் வேண்டாம். அந்தக் கம்பெனி மேல் ஒரு தப்பும் இல்லை.

மாமா 35 வருடமாகக் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட், இம்பெல்லர் கடைந்து கொடுக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகூட மதியம் வரை பட்டறையில்தான் இருப்பார். அத்தையை எங்காவது கூட்டிப் போனார் என்றால் அது கல்யாணமாக இருக்கும், இல்லை துக்க வீடாக இருக்கும். மகளுக்குக் கல்யாணம் முடிந்து, பட்டறைக் கடனும் அடைந்தபிறகு, யாரிடமும் சொல்லாமல் போய் இந்தக் காரை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினார். "எதுக்குங்க மாமா ரெண்டு சீட்டு கார்?" என்று கேட்டேன். "நாங்க ரெண்டு பேர்தான கண்ணு" என்றார். அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது?

ஆனால், அத்தை மூன்றாவது தடவைக்குப் பிறகு அதில் ஏறவில்லை. அவருக்குக் கழுத்தெலும்பு தேய்மானம். "ஏனுங்க, இது நடுங்கறதப் பாத்தா எனக்கு வயித்தக் கலக்குதுங்க. நீங்க வேணும்னா போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனபோது கார் ஷெட்டில் துணி போர்த்தி நின்றது. விற்றுவிடலாம் என்று மாமா முடிவு செய்து, ஆன்லைனில் விளம்பரமும் கொடுத்திருந்தார்.

நான் சென்னையில் ஒரு டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை. எனக்குப் பழக்கமான வேலை வேறு. நாலு பேர் நாலு விதமாகச் சொல்வதைக் கேட்டு, எது எப்போது நடந்தது என்று தேதி வாரியாக அடுக்குவது. ஜர்னலிசம் டிப்ளோமாவில் படித்த பலவற்றில் தினமும் உதவுவது இதுதான். அதனால் மாமாவிடம், "பில்லெல்லாம் இருக்குங்களா?" என்று கேட்டேன். ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து கவிழ்த்தார்.

ஜூலையில் ஒரு டயர் கடை. நாலு புது டயர், பேலன்சிங், அலைன்மென்ட். ஸ்டீயரிங் நடுக்கம் அப்படியே. ஆகஸ்டில் அதே கடையில் மறுபடி பேலன்சிங். மெஷின் 'ஜீரோ' காட்டியது, நடுக்கம் குறையவில்லை. செப்டம்பரில் வேறொரு பட்டறை. முன் பக்க பிரேக் டிஸ்க், பேட், கீழ்க்கை புஷ் எல்லாம் மாற்றினார்கள். 38,000 ரூபாய். ஸ்டீயரிங் இன்னும் ஆடியது. அக்டோபரில் மூன்றாவதாக ஒரு டயர் கடை. பேலன்சிங், அப்புறம் 'ரொட்டேஷன்' என்று ஒரு வரி. அதாவது முன் சக்கரங்களைப் பின்னாலும், பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ஸ்டீயரிங் நடுக்கம் போய்விட்டது! மாமா ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து நெடுஞ்சாலையில் போகும்போது சீட் ஆட ஆரம்பித்தது.

நவம்பரில் ஒரு பெரிய பட்டறை. "சீட்டு ஆடுதா? அப்ப ப்ராப்பெல்லர் ஷாஃப்ட்தான்" என்றார்கள். இன்ஜினிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளமான தண்டு அது. புதிதாகப் போட 1,60,000 ரூபாய் எஸ்டிமேட். அந்தத் தாளைப் பார்த்த அன்றுதான் மாமா விற்பனை விளம்பரம் கொடுத்திருக்கிறார்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் வரிசையாக எழுதிப் பார்த்தபோது, எல்லா பில்லையும்விடச் சின்ன பில்தான் என் கண்ணில் பட்டது. சக்கரத்தை முன்னும் பின்னும் மாற்றிய அன்று, நடுக்கமும் முன்னாலிருந்து பின்னால் போயிருக்கிறது. பொதுவாக முன் சக்கரத்தில் கோளாறு என்றால் கையில் தெரியும், அதாவது ஸ்டீயரிங்கில். பின் சக்கரத்தில் என்றால் உட்காருகிற இடத்தில் தெரியும். ஆக, நோய் குணமாகவில்லை. சக்கரத்தோடு சேர்ந்து இடம் மாறியிருக்கிறது. ஸ்டீயரிங் ஆடியது முதல் கடைக்குத் தெரியும், சீட் ஆடுவது கடைசிப் பட்டறைக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்து ஒரே ஆளுக்குத் தெரியவே இல்லை.

"சக்கரமா இருந்தா நாலு தடவ பேலன்ஸ் பண்ணிருக்கோமே கண்ணு?" என்றார் மாமா. நியாயமான கேள்வி. அதனால் முதலில் சக்கரம்தானா என்று உறுதிப்படுத்திக்கொள்ள நினைத்தேன்.

அதற்குக் கையில் இருந்தது ஃபோன்தான். ஃபோனைச் சாய்த்தால் திரை திரும்புகிறதே, அதற்காக உள்ளே ஓர் அசைவு உணரி இருக்கிறது. அந்த உணரி சின்னச் சின்னக் குலுக்கலையும் குறித்துக்கொள்ளும். ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட 'ஃபைஃபாக்ஸ்' என்ற இலவச ஆப், அந்தக் குலுக்கலை எடுத்து, நொடிக்கு எத்தனை தடவை என்று பிரித்துக் காட்டும். பள்ளி, கல்லூரி இயற்பியல் சோதனைகளுக்காக உருவாக்கியது. கலவையான ஓர் அதிர்வை இப்படித் தனித்தனி எண்ணிக்கையாகப் பிரிக்கும் கணக்கைக் கண்டுபிடித்தவர் பிரெஞ்சு கணித அறிஞர் ஃபூரியர். 1822-ல் அவர் எழுதிய புத்தகம் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்பதைப் பற்றியது. கணபதியில் ஒரு கார் ஷெட் வரை அது வந்து சேரும் என்று அவர் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

இனி கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். மாமாவின் கார் டயர் 225/45 ஆர் 17. ஒரு சுற்று உருண்டால் சுமார் 1.95 மீட்டர் போகும். 90 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 25 மீட்டர். 25-ஐ 1.95-ஆல் வகுத்தால் 12.8. அதாவது 90-ல் போகும்போது சக்கரம் நொடிக்கு 12.8 தடவை சுற்றுகிறது. ப்ராப்பெல்லர் ஷாஃப்ட் இதைவிட வேகமாகச் சுற்றும். சக்கரம் ஒரு சுற்று சுற்ற, இந்தக் காரில் ஷாஃப்ட் 3.27 சுற்று சுற்ற வேண்டும். ஆக நொடிக்கு 42 தடவை. இன்ஜின் கணக்கு கியரைப் பொறுத்து மாறும். குற்றவாளி யாராக இருந்தாலும், அவரவர் எண் அவரவருக்கு. ஃபோனில் 42 வந்தால் ஷாஃப்ட். 12.8 வந்தால் சக்கரம்.

மறுநாள் விடிகாலை கிளம்பினோம். அதற்குமுன் மாமா நாலு சக்கரத்தின் போல்ட்டுகளும் இறுக்கமாக இருக்கின்றனவா, டயரின் பக்கவாட்டில் எங்காவது வீக்கம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். இதைப் படிப்பவர்கள் யாராவது முயற்சி செய்வதாக இருந்தால் இந்த இரண்டையும் பார்க்காமல் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். லூஸ் போல்ட்டும் வீங்கிய டயரும்கூட நடுக்கமாகத்தான் ஆரம்பிக்கும், ஆனால் நடுக்கத்தோடு நிற்காது.

நீலாம்பூரைத் தாண்டி சேலம் போகும் சாலை. என் ஃபோனை இரண்டு சீட்டுக்கும் நடுவில் டேப் போட்டு ஒட்டியிருந்தேன். மாமாவின் ஃபோனில் ஜி.பி.எஸ் வேகம். கார் மீட்டர் பொதுவாகக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், அதனால் அதை நம்பவில்லை. "80-லயே வெச்சிருங்க மாமா... இப்ப 90... இப்ப 100..." ஒவ்வொன்றிலும் அரை நிமிடம்.

80-ல் கோடு எகிறியது 11.4-ல். 90-ல் 12.8. 100-ல் 14.2. மூன்றும் சக்கரத்தின் எண்கள். 42 பக்கம் புல் தரைபோலச் சமமாகக் கிடந்தது. சந்தேகத்துக்கு 90-லேயே வைத்துக்கொண்டு மாமாவைக் கியரைக் குறைக்கச் சொன்னேன். இன்ஜின் உறுமியது, கோடு 12.8-லிருந்து நகரவில்லை. இன்ஜினும் வெளியே!

பெருமாநல்லூர் பக்கம் ஒரு பேக்கரியில் நிறுத்தி டீ குடித்தோம். 1,60,000 ரூபாய் மிச்சம் என்பதில் மாமாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால், முகம் தெளியவில்லை. "சக்கரம்தான். சரி. மெஷின்ல ஜீரோ காட்டுதே, அதென்ன பொய்யா?"

"மெஷின்ல ஜீரோ, கார்ல ஆட்டம். ரெண்டுக்கும் நடுவுல என்ன மாறுதுங்க மாமா?"

மாமா டீ டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். ஒரு நிமிஷம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "உக்கார்ற இடம்."

அதன்பிறகு அவர் பேசியது காரைப் பற்றியே இல்லை, பம்ப்பைப் பற்றி. இம்பெல்லரை பேலன்ஸ் பார்க்க, அதன் நடு ஓட்டையில் கச்சிதமாக நுழைகிற ஒரு மேன்ட்ரலில் மாட்டிப் பார்ப்பார்கள். அதில் துல்லியமாக நிற்கும். அதே இம்பெல்லரைக் கொஞ்சம் மெலிந்த ஷாஃப்ட்டில் கொண்டுபோய் மாட்டினால், பம்ப் கிடுகிடுவென ஆடும். இம்பெல்லரில் குறை இல்லை, ஷாஃப்ட்டிலும் குறை இல்லை. நடு மையம் தப்பியிருக்கிறது, அவ்வளவுதான். "போர் லூஸ்" என்பார்கள் பட்டறையில். "இது எங்க பட்டறைப் பசங்களுக்கே தெரியும் கண்ணு. 35 வருசமா பாக்கறேன்."

அப்படியானால் ஏன் ஆறு மாதமாக இதை அவர் யோசிக்கவில்லை? நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "பம்ப்புன்னா நம்ம சமாச்சாரம். இது பெரிய கம்பெனி காரு, கம்ப்யூட்டர் வெச்சுப் பாக்கறாங்க. நாம என்னத்த சொல்றதுன்னு விட்டுட்டேன்." எனக்கு அதைக் கேட்கக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஏ.சி போட்ட ரிசப்ஷனில் உட்காரவைத்து காபி கொடுத்தால், ஆயிரம் இம்பெல்லர் கடைந்த கைகூட வாயை மூடிக்கொள்கிறது.

வீட்டுக்கு வந்ததும் ஜாக்கி போட்டு, பின் சக்கரங்கள் இரண்டையும் கழற்றினார். கார் பக்கம் சக்கரம் உட்காரும் இடத்துக்கு ஹப் என்று பெயர். அதன் நடுவில் குமிழ் மாதிரி வட்டமாகத் துருத்திக்கொண்டிருக்கும். வெர்னியரை வைத்தார். 66.6 மில்லிமீட்டர். சக்கரத்தின் நடு ஓட்டையில் வைத்தார். 73.1. கம்பெனியில் வரும்போது இரண்டும் ஒரே அளவாக இருக்கும். ஆனால், இந்தக் காரின் முந்தைய ஓனர் அழகுக்காக வெளிக்கடை அலாய் வீல் போட்டிருந்தார். அந்த வீல்களைப் பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று நடு ஓட்டையைப் பெரிதாக வைத்துத்தான் செய்வார்கள். இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் தருவார்கள். இடது சக்கரத்தில் கறுப்பு பிளாஸ்டிக் வளையம் ஒன்று சமத்தாக உட்கார்ந்திருந்தது. வலது சக்கரத்தில் அது இல்லை.

எங்கே, எப்போது தொலைந்தது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. டயர் மாற்றும்போது கழன்று கடைத் தரையில் உருண்டிருக்கலாம். காரை வாங்கும்போதே இல்லாமல் இருந்திருக்கலாம். டவுனுக்குள் மட்டும் ஓட்டிப் பார்த்து வாங்கினால் 90-ல் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்?

வளையம் இல்லாவிட்டால் சக்கரம் வெறும் போல்ட்டுகளை நம்பித்தான் மையத்தில் உட்கார வேண்டும். எந்த போல்ட்டை முதலில் இறுக்குகிறார்களோ அந்தப் பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்துவிடும். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் ஒவ்வொரு பக்கம். சில நாள் அதிகமாகவும் சில நாள் குறைவாகவும் ஆடியதற்குக் காரணம் இதுதான். பேலன்சிங் மெஷினில் இந்தப் பிரச்னையே தெரியாது. அங்கே சக்கரத்தை ஒரு கூம்பில் செருகி நடு ஓட்டையை வைத்தே மையப்படுத்துவார்கள். அதனால் மெஷின் காட்டிய ஜீரோ உண்மையான ஜீரோதான்.

மாமா பட்டறையிலிருந்து டயல் கேஜ் எடுத்து வந்து, அந்தச் சக்கரத்தை மறுபடி மாட்டி, ரிம்மின் மேல் வைத்துச் சுற்றிப் பார்த்தார். மையத்திலிருந்து 0.3 மில்லிமீட்டர் விலகல். மூன்று ஏ4 தாள்களை அடுக்கினால் வரும் கனம்! இதுவா ஒரு காரை ஆட்டும் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். டயரோடு சேர்த்து 20 கிலோ இருக்கும் சக்கரம் 0.3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால், ரிம் ஓரத்தில் 25 கிராமுக்கு மேல் ஈயத்தை ஒட்டிவிட்டது மாதிரி. 90 கிலோமீட்டர் வேகத்தில் அது கிட்டத்தட்ட 4 கிலோ எடை அளவுக்கு இழுக்கும். மேலே ஒரு இழுப்பு, கீழே ஒரு இழுப்பு என்று நொடிக்கு 13 தடவை.

சரி, 110-க்கு மேல் ஏன் அடங்கியது? இழுப்பு வேகத்தோடு கூடத்தானே வேண்டும்? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அது வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னக் கை தள்ளினாலும் உயரப் போகும். நேரம் தப்பித் தள்ளினால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் பிரயோஜனமில்லை. சக்கரமும் அதைத் தாங்கும் ஸ்பிரிங்கும் டயரும் சேர்ந்து ஓர் ஊஞ்சல்தான். பெரும்பாலான கார்களில் அது நொடிக்கு 10 முதல் 15 தடவை ஆட விரும்பும். 90-ல் சக்கரம் சரியாக அந்த நேரத்துக்குத் தள்ளிக்கொடுக்கிறது. வேகம் கூடினால் தாளம் தப்பிவிடுகிறது.

மற்ற நடுக்கங்களுக்கு வேறு அடையாளம் உண்டு. பிரேக் போடும்போது மட்டும் ஸ்டீயரிங் உதறினால் டிஸ்க்கைச் சந்தேகப்படலாம். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் வந்து, காலை எடுத்தால் போனால், சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் ஜாயின்ட்டுகளைப் பார்க்கச் சொல்வார்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் முதல் சில கிலோமீட்டர் மட்டும் தடதடத்தால், டயரின் அடிப்பக்கம் தட்டையாகி இருக்கும். அலைன்மென்ட் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கும், டயர் ஒரு ஓரமாகத் தேய்வதற்கும் அது மருந்து. நடுக்கத்துக்கு அல்ல. ஆனாலும் நடுங்குகிறது என்று போனால் முதலில் அதைத்தான் செய்கிறார்கள். மாமாவின் மஞ்சப்பையில் அதற்கு மட்டும் மூன்று பில்.

வளையம் கடையில் வாங்கினால் சில நூறு ரூபாய்தான். மாமா வாங்கவில்லை. அன்று பொங்கல் லீவு, பட்டறையில் ஆள் இல்லை. அவரே கதவைத் திறந்து, லேத்தைப் போட்டு, ஒரு அலுமினியத் துண்டை எடுத்தார். வெளிவட்டம் 73-க்கு ஒரு நூல் மேலே, உள்வட்டம் 66.6-க்கு ஒரு நூல் தளர்வாக. வெள்ளைச் சுருளாகச் சீவல் விழுந்துகொண்டே இருந்தது. முக்கால் மணி நேரத்தில் வளையம் கையில். "ஒண்ணு மட்டும் எதுக்கு, பிளாஸ்டிக்க நம்ப முடியாது" என்று நாலாகக் கடைந்தார். ஹப்பின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கொஞ்சம் கிரீஸ் தடவி, வளையத்தை மாட்டி, சக்கரத்தைத் தள்ளினார். 'டப்' என்று ஒரு சத்தம். சக்கரம் போல்ட் இல்லாமலே அந்தரத்தில் நின்றது. மாமா அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை ஃபோட்டோ எடுத்திருக்கலாம், ஆனால் நான் ஜாக்கிப் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். எதிரெதிர் போல்ட்டாக மாற்றி மாற்றி, மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்கினார். டயல் கேஜில் விலகல் 0.05-க்கும் கீழே.

மறுநாள் அதே சாலை, அதே வேகம், அதே டேப். 12.8-ல் நின்றிருந்த கோபுரம் காணோம். சாலையின் சாதாரண சலசலப்புக்குள் கரைந்துவிட்டது. 100-ல் மட்டும் 14-க்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேடு மிச்சம் இருக்கிறது. கையாலோ சீட்டாலோ உணர முடியாது, ஃபோனுக்கு மட்டும் தெரிகிறது. ரெண்டு மாதம் ஷெட்டில் நின்றதில் டயர் கொஞ்சம் தட்டையாகி இருக்கும் என்பது மாமாவின் கணிப்பு. ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்கிறார். எனக்கு அவ்வளவு உறுதியில்லை, அடுத்த லீவில் மறுபடி அளக்கப் போகிறேன்.

விளம்பரத்தை எடுத்துவிட்டார். இரண்டு பேர் விலை கேட்டு ஃபோன் செய்தார்களாம், "பையன் வேண்டாங்கறான்" என்று சொல்லிச் சமாளித்தாராம். அவருக்குப் பையனே கிடையாது.

அத்தையைக் காரில் ஏற்றுவதுதான் இதைவிடக் கஷ்டமாக இருந்தது. "ஆடாதுன்னு போன வாட்டியும் சொன்னீங்க" என்று ஒரு வாரம் பிடிவாதம். கடைசியில் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கு என்றதும் சம்மதித்திருக்கிறார். நான் அதற்குள் சென்னை திரும்பிவிட்டேன். அன்று மதியம் ஒரு செய்தியை அவசரமாக அப்டேட் செய்துகொண்டிருந்தபோது, வாட்ஸ்அப்பில் அத்தையின் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"கண்ணு, ஆட்டமெல்லாம் ஒண்ணும் இல்ல. பொள்ளாச்சி தாண்டி உங்க மாமன் கூரையத் தொறந்து வுட்டுட்டாரு. தலையெல்லாம் சிக்கு. சீப்பும் கொண்டுவரல. அடுத்த வாரம் வால்பாறைங்கறாரு, ஒரு ஸ்கார்ப்பு வாங்கி அனுப்பு சாமி."